ஒரு சக்கைக்கு இரண்டாயிரம் ரூபாய்

ஜெனி, ஆல்வின்... போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் அப்பா நான் மைக் பிடித்து ஏலம் விட்டதற்குக் கைதட்டினீர்களே, மக்களே... கைதட்டும்படி அதில் ஒன்றும் இல்லை. ஏன் என்று சொல்கிறேன். மற்றப் பிள்ளைகளும் கேட்கட்டும்.

அருமனைப் பக்கம் நாங்கள் நடத்தும் பிள்ளைகள் கால்பந்து லீக்கில் கட்டணம் கிடையாது. பந்து, நடுவருக்குப் பேட்டா, டீ, வடை — எல்லாமே நன்கொடைதான். நான் பொருளாளர். இந்த வருடம் இறுதிப் போட்டி கன்னியாகுமரியில். வேன் வாடகைக்கு இரண்டாயிரம் ரூபாய் பற்றாக்குறை. என்ன செய்ய? சர்ச்சில் அறுப்புப் பண்டிகைக்கு விடுவதுபோல ஒரு பலாப்பழத்தை ஏலம் விட்டோம். எங்கள் ஊரில் அதற்குச் சக்கை என்று பெயர்.

ஐந்நூறில் ஏலம் நின்றுவிட்டது. கேட்டவர் ஒரு கடைக்காரர். அதற்கு முன் நானூறு கேட்டவர் செல்வராஜ். ரப்பர் பால் வெட்டுகிறவர், எங்கள் கோல்கீப்பர் ஷைனியின் அப்பா.

மைக்கில் சொன்னேன். “செல்வராஜ் அண்ணே, கோல்கீப்பருக்க அப்பா இப்படிப் பின்வாங்கலாமா? மவ பாத்துட்டு நிக்கா!”

ஒரே சிரிப்பு. அவர் மகளைப் பார்த்தார். “ஆயிரம்!” என்றார். கடைக்காரர் விடவில்லை. கடைசியில் செல்வராஜ், “ரெண்டாயிரம்!”

வேன் ரெடி... அவ்வளவுதான் என் நினைப்பு. மூன்று வாரமாக விடியற்காலையில் மழை. மழையில் பால் வெட்ட முடியாது, கூலியும் கிடையாது. இது எனக்குத் தெரியாதா? தெரியும்.

செல்வராஜ் அன்று ஐந்நூறுதான் கொடுத்தார். அதற்குப் பிறகு ஷைனி பயிற்சிக்கு வரவில்லை. வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போனேன்.

“பாக்கிய மழை விட்டதும் தாறேன், தம்பி.”

“பைசா கேட்டு வரல்ல, அண்ணே. ஏத்திவிட்டது நான்லா? இந்த ஐந்நூறையும் வச்சுக்கிடுங்க.”

வாசலில் ஷைனி நின்றாள். அவர் குரலைத் தாழ்த்தினார். “எனக்க வாயால கேட்ட ஏலம். மவளுக்க முன்னால பைசாவ நீட்டாத தம்பி... உள்ள வை.”

ஐந்நூறைச் சட்டைப் பையில் வைத்தேன். பிறகு ஷைனியிடம், “அப்பா சொன்னா சொன்னதுதான், மக்கா. பாக்கி மழை விட்டா வரும். நீ வரல்லன்னா பந்த யாரு பிடிப்பா? நானா?” என்றேன்.

என் தொப்பையைப் பார்த்தாள். சிரித்துவிட்டாள்.

வேன்காரரும் மழை விடும்வரை பொறுப்பதாகச் சொன்னார். லீக்குக்குப் பணம் வேண்டும்தான். அதற்காக, பிள்ளையைக் காட்டி அப்பாவின் பையில் கை விடலாமா?

சனிக்கிழமை பயிற்சிக்கு ஷைனிதான் முதல் ஆள். எல்லோரும் போன பிறகு கமிட்டி நோட்டை எடுத்தேன். தலைவரிடம்கூடக் கேட்காமல் ஒரு புது விதி எழுதினேன்:

“ஏலம் விடும்போது பிள்ளைகளைத் தூரமாக விளையாட அனுப்பிவிட வேண்டும்.”