விடை பொருந்தாத ஒரு நாள்

செவ்வாய்க்கிழமை மத்தியானம் பாடசாலைத் தொலைபேசியில் செய்தி வந்தது. கிளிநொச்சியிலிருந்து யாரோ இரண்டு வசனம் சொன்னார், இணைப்பு அறுந்துவிட்டது. பவளராணி அக்கா காலையில் மாரடைப்பால் போய்விட்டார். நான் வவுனியாவில் இருக்கிறேன். சண்டையால் கிளிநொச்சிப் பாதை பூட்டிக் கிடக்கிறது.

உங்களில் பலருக்கு அவரை கிளிநொச்சி உருத்திரபுரத்துப் பௌதிகவியல் ரீச்சராகத் தெரியும். பாடசாலை விட்டபிறகு அவர் செய்த வேலையை அறிந்தவர்கள் குறைவு. அங்கேயே கணிதம் படிப்பித்த நான் அதில் கூட்டாளி. சாதாரண அணுக்கருவில் துகள்கள் நெருக்கியடித்துக் கிடக்கும். இலித்தியத்தில் ஓர் அபூர்வ வகை உண்டு. ஒன்பது துகள்கள் ஒன்றாக இருக்க, இரண்டு நியூத்திரன்கள் மட்டும் தூரத்தில் உலாவும். கண்மூடித் திறப்பதற்குள் அழிந்துபோகும். அது இன்னொரு கருவில் மோதினால் என்ன நடக்கும் என்று கணிப்பதுதான் அக்காவின் வேலை. ஆய்வுகூடம் வேண்டாம், கொப்பியும் கல்குலேற்றரும் போதும் என்பார். ஒரே கணக்கை இருவரும் தனித்தனியே, ஒருவர் தாளை மற்றவர் பாராமல் போடுவோம். "பாத்து எழுதிற விடைக்கு ரெண்டு பேர் என்னத்துக்கு?" என்று கேட்பார். விடைகள் பொருந்தினால்தான் கொப்பியில் ஏறும்.

சமாதான காலத்து மூன்று வருட உழைப்பு அந்தக் கொப்பி. மறுபடி சண்டை தொடங்கும் என்ற கதை அடிபட்ட நேரம் எனக்கு வவுனியாவுக்கு இடமாற்றம் வந்தது. அக்காவும் லீவு போட்டுவிட்டு என்னோடு புறப்பட்டார். கணக்கை அங்கிருந்து வெளிநாட்டு ஆய்வாளர் ஒருவருக்கு அனுப்பி, பதில் வரும்வரை என் வீட்டில் தங்குவதாக ஏற்பாடு. கொப்பி மட்டையில் தமிழிலும் ஆங்கிலத்திலும் 'அணுக்கரு மோதல்' என்று கொட்டை எழுத்து. "அந்த மட்டையைக் கிழியுங்கோ அக்கா" என்று பஸ்ஸுக்குள் கெஞ்சினேன்.

"பேரில்லாத கொப்பியைத்தான் சந்தேகப்படுவினம். பேசாமல் இரும்" என்றார். பிடிவாதத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை.

இராணுவச் சோதனைச் சாவடியில் அந்தச் சொல்லைக் கண்டதும் அதிகாரியின் முகம் மாறியது. எங்களை வெவ்வேறு அறைகளில் இருத்தினார்கள். "இது என்ன?" என்று ஒருவர் அரைகுறைத் தமிழில் கேட்டார். "பிள்ளையளின்ரை பாடக்குறிப்பு ஐயா" என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, சுவருக்கு அப்பால் அக்காவின் குரல் கேட்டது: "அணுக்கரு மோதல் கணக்கு. நாங்கள் ரெண்டு பேரும்தான் போட்டனாங்கள்." எங்கள் முறையையே அவர்களும் கையாண்டார்கள். அன்று விடை பொருந்தவில்லை.

இரண்டு மணித்தியாலம் போனது. அக்கா பையிலிருந்த கச்சான் கடலையை மேசையில் கொட்டி, ஒன்பதைக் குவித்து, இரண்டைத் தள்ளிவைத்து விளங்கப்படுத்தினாராம். குண்டு செய்யலாமா என்று அதிகாரி கேட்டாராம். "இதாலை ஒரு நுளம்பையும் கொல்லேலாது ஐயா." அதிகாரி சிரித்துவிட்டாராம். "அப்ப மற்ற ரீச்சர் ஏன் பொய் சொன்னது?" என்று கேட்டுக்கொண்டே அவர் கொப்பியை மூடித் தன் பக்கம் இழுத்தாராம். எங்களை விட்டார்கள். கொப்பியை விடவில்லை.

வீட்டுக்கு வந்து நான் அழுதேன். அக்கா ஏசவில்லை. "பயத்திலை வந்த பிழை. பிழையெண்டு தெரிஞ்சால் திருப்பிப் போடலாம்" என்றார். முதற்பிரதித் தாள்கள் உருத்திரபுரத்தில் இருந்தன. "மூண்டு கிழமையிலை எழுதிக்கொண்டு வாறன்" என்று சொல்லி மூன்றாம் நாள் திரும்பிப் போனார். அந்த மூன்று வாரத்துக்குள் பாதை பூட்டப்பட்டது.

நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் இங்கே என்னோடு இருந்திருப்பார். அவரைத் தெரிந்த உங்களிடம் இதைச் சொல்லாமல் எனக்கு ஆறாது.

எட்டாம் நாள் சடங்குக்காவது போகலாம் என்று, பாதை கடக்கும் விசேட அனுமதிப் படிவம் நிரப்பினேன். இறந்தவரின் தொழில் என்ற கட்டத்தில் 'ஆசிரியர்' என்று எழுதினால் போதும் என்றார் எழுதுவினைஞர். 'ஆசிரியர், அணுக்கரு மோதல்களைக் கணித்தவர்' என்று எழுதினேன். அவர் வாசித்துவிட்டு வேறொரு படிவத்தை நீட்டினார். "இப்பிடி எழுதினால் விடமாட்டினம் ரீச்சர். மாத்தி எழுதுங்கோ."

நான் மாற்றவில்லை. அனுமதியும் வரவில்லை. அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது படிவத்தில் எழுதிய அந்த ஒரு வரி.