பிணமாக நடித்த நாள்

எங்கள் குமுளிக்கு ஒரு சினிமாக் குழு வந்தது. போலீஸ்காரர் ஒருவர் காலத்தில் பின்னால் போய், நடந்து முடிந்த கொலையைத் துப்பறியும் கதை. எனக்குக் கிடைத்த வேடம் கொலையானவன். "வீட்ல வேலை சொன்னா அசையாம கிடப்பீகளே, அப்படியே கிடங்க, போதும்" என்று வழியனுப்பினாள் மனைவி.

ஏலத்தோட்டச் சரிவில் குப்புறக் கிடந்தேன். எறும்பு கடித்ததும் பிணம் நெளிந்தது. மறுபடி எடுத்தார்கள், பிணம் தும்மியது. மூன்றாவது முறை சாரல் விழுந்தது. வேடிக்கை பார்த்த கூட்டத்திலிருந்து, ஏலக்காய் எடுக்கும் அக்கா ஒருவர் கேமராவுக்குக் குறுக்கே வந்து, தான் போர்த்தியிருந்த பிளாஸ்டிக் தாளை என்மேல் விரித்தார். இயக்குநர் கத்தினார்.

"நான் செத்துட்டேன்க்கா, இனிமே சளி பிடிக்காது" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"எம் மவனும் இந்தச் சரிவுலதான் நனைஞ்சு கிடந்தான். வழுக்கி விழுந்தான்னு கேஸை முடிச்சிட்டாக. கூட யாரு வந்தா, என்ன நடந்துச்சுன்னு ஒருத்தரும் கேக்கல. இந்தப் போலீஸ்காரரு பின்னால போயி உன்னையக் காப்பாத்திருவாராப்பா?"

காப்பாற்ற மாட்டார். எனக்குக் கதை தெரியும்.

"காப்பாத்திருவாருக்கா" என்றேன்.

அடுத்த முறை நான் அசையவே இல்லை. பிரமாதம் என்று இயக்குநர் கைதட்டினார்.

படம் வந்ததும், கம்பம் தியேட்டருக்குத் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். சந்தையில் பார்க்கும்போதெல்லாம் அந்த அக்கா, "படம் வந்திருச்சாப்பா?" என்று கேட்கிறார். இன்னும் வரவில்லை என்கிறேன். நான் எத்தனையோ பொய் சொல்லிச் சிரித்தவன். இதற்கு மட்டும் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.