அக்கா முழுங்கிய மூச்சு

அயர்லாந்தில் யாரிடம் நலம் விசாரித்தாலும் ‘கிராண்ட்’ என்கிறார்கள். நம்மூரில் கல்யாணம்தான் கிராண்டாக நடக்கும். இங்கே மனிதர்களே அப்படி நடமாடுகிறார்கள். நான் நர்ஸாக இருக்கும் நுரையீரல் வார்டில், இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச முடியாமல் மூச்சு இளைக்கிற ஒரு பெரியவர்கூட, ஜன்னலுக்கு வெளியே தூறும் மழையைப் பார்த்தபடி ‘கிராண்ட்’ என்பார். அந்த மழையையே பார்த்துக்கொண்டிருந்தால், இந்தக் கரையும் இல்லாமல் அந்தக் கரையும் இல்லாமல் காவிரிப் பாலத்தின் நடுவில் என் பஸ் நின்றுவிட்டது போலிருக்கும்.

எங்கள் வார்டில் எல்லோரையும் செயல் ஆராய்ச்சி செய்யச் சொன்னார்கள். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். ஆராய்ச்சி என்றதும் கொஞ்சம் மிரண்டுதான் போனேன். விஷயம் எளிது. என் வேலையில் எது சரிவரவில்லை என்று நானே பார்க்க வேண்டும். சின்னதாக ஒன்றை மாற்றி, என்ன ஆகிறதென்று கவனித்து, மறுபடி மாற்ற வேண்டும். நான் எடுத்துக்கொண்ட கேள்வி: இன்ஹேலர் அடிக்கக் கற்றுக்கொடுத்து அனுப்பியவர்கள் ஏன் அதே இளைப்போடு திரும்பி வருகிறார்கள்?

முதலில் இன்னும் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். ‘புரிந்ததா?’ என்றால் எல்லோரும் தலையாட்டினார்கள். பிறகு ‘செய்து காட்டுங்கள்’ என்றேன். அந்தப் பெரியவரின் முகம் சுருங்கிவிட்டது. “நான் என்ன பள்ளிக்கூடப் பிள்ளையா?” என்றார். மறுபடி மாற்றினேன். “நான் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தேனா என்று தெரிய வேண்டும். காட்டுவீர்களா?” சிரித்துவிட்டு அடித்துக் காட்டினார். மருந்து பூராவும் புகையாக வெளியே வந்தது.

அன்று வீட்டுக்கு நடக்கும்போது அக்கா ஞாபகம். ஸ்ரீரங்கத்தில் மாவு மில்லில் வேலை பார்க்கிறாள். போனில் அவள் குரலுக்கு அடியில் மெல்லிய விசில் ஒன்று ஓடும். கேட்டால், “நல்லாத்தான்டா இருக்கேன்” என்பாள். அவளுக்கு இன்ஹேலர் அடிக்கப் போனிலேயே சொல்லிக்கொடுத்தவனும் நான்தான்.

மறுநாள் காலை வீடியோவில் கூப்பிட்டேன். அங்கே மத்தியானம், மில்லில் இருந்தாள்.

“அக்கா, நான் ஒழுங்கா சொல்லிக் குடுத்தேனான்னு பாக்கணும். ஒரு தடவ அடிச்சுக் காட்டேன்.”

“தொரை எனக்கே டெஸ்ட் வைக்கிறாராக்கும்!”

மாவுக் கையைத் துடைத்து, பையிலிருந்து இன்ஹேலரை எடுத்தாள். அண்ணாந்து வாய்க்குள் ஒரு அடி அடித்து, மடக்கென்று முழுங்கினாள். கோயிலில் தீர்த்தம் வாங்கிய பழக்கத்தில் கை தானாகப் போய்த் தலையைத் தடவிக்கொண்டது.

“முழுங்குறியாக்கா?”

“பின்ன? மருந்த முழுங்காம துப்பவா சொல்றே?”

சிரிப்பும் பயமும் ஒன்றாக வந்தன. இத்தனை மாதமும் மருந்து அவள் வயிற்றுக்கல்லவா போயிருக்கிறது!

“அது வயித்துக்கு இல்லக்கா, நெஞ்சுக்கு. மொதல்ல மூச்ச முழுசா விடு. வாயில வச்சு உதட்ட மூடு. அடிக்கும்போதே மெதுவா உள்ள இழு... அப்படியே புடி.”

பிடித்தாள். நானும் கூடவே பிடித்துக்கொண்டேன். அவள் பக்கம் மில் பெல்ட் ஓடும் சத்தம், என் பக்கம் மழை. இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்துகொண்டிருந்தன. என் நெஞ்சு நிறைய இந்த ஊர்க் காற்று. அதை எப்போது விடுவதென்று அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.