வரவேற்பறைக்குள்ளால் போன வீதி

சென்ற மார்கழியில் காலமான ஜெகதீஸ்வரி இரத்தினசிங்கம் முப்பது வருடம் ஒரு காப்புறுதிக் கந்தோரில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். ஆனால் கொழும்பு வெள்ளவத்தையில் அவரைத் தெரிந்தவர்களில் பாதிப்பேருக்கு அந்தக் கந்தோர் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் அவருடைய வரவேற்பறைதான். அதற்குள்ளால் நடந்து போயிருக்கிறார்கள்.

அந்த வீட்டின் முன்கதவு குறுகிய சந்து போன்ற ஓர் ஒழுங்கையில் இருந்தது. பின்பக்கம் சமைக்கும் குசினியின் கதவு இன்னோர் ஒழுங்கையின் முட்டில் திறந்தது. இரண்டு ஒழுங்கைகளும் கோபித்துக்கொண்ட சகோதரர்கள்போல் முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தன. ஒன்றிலிருந்து மற்றதற்குப் போவதென்றால் பெருந்தெருவான காலி வீதிவரை நடந்து, பஸ் புகையைக் குடித்து, நான்கு புடைவைக் கடைகளைத் தாண்டி, மறுபடியும் கடல் பக்கமாக இறங்க வேண்டும். பதினெட்டு நிமிடம். ஜெகதீஸ்வரியின் வீட்டுக்குள்ளால் போனால் இருபத்திரண்டு எட்டு வைத்தால் போதும்.

முன்பு இரண்டு ஒழுங்கைகளிலும் சேர்த்து இருபது வீடுகள்தான். அவற்றை இடித்துப் பத்து மாடி, பன்னிரண்டு மாடி என்று கட்டினார்கள். ஆட்கள் பெருகினார்கள். ஒழுங்கை மட்டும் அதே அகலம், அதே முட்டுச்சுவர்.

முதலில் வந்தவர் ருஷ்தா. எட்டு மாதக் கர்ப்பிணி. கிளினிக்குக்குப் போக நேரமாகிவிட்டது என்று வாசலில் நின்று அழுதார். ஜெகதீஸ்வரி கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து குசினிக் கதவைத் திறந்துவிட்டார். மறுநாள் சீனியம்மா வந்தார். அவருக்கு முன் ஒழுங்கையில் எட்டு மணிக்குச் சமையல் வேலை, பின் ஒழுங்கையில் ஒன்பது மணிக்குத் துப்புரவு வேலை. பிறகு மீன் விற்கும் அலவி. பிறகு ரியூசன் பிள்ளைகள். ஒரு வருடத்துக்குள் சட்டதிட்டம் எழுதி ஒட்ட வேண்டியதாயிற்று: இடப்பக்கமாக நடக்கவும், செருப்பைக் கையில் எடுக்கவும், மீன் சொட்டக்கூடாது, மாலை ஆறு மணிக்குக் கதவு பூட்டப்படும்.

அவருடைய கணவர் இரத்தினசிங்கத்துக்கு இது பிடிக்கவில்லை.

"ஜெகா, நான் சாரத்தோட என்ரை ஹோலிலை நிக்கிறனோ, றோட்டிலை நிக்கிறனோ?"

"றோட்டெண்டால் இப்பிடி நடுவிலை நிக்கக் கூடாதப்பா. ஓரமா நில்லுங்கோ."

காலை ஆறு மணிக்கு முன்பே சவரம் செய்துவிட்டு, சேட்டும் போட்டுக்கொண்டு பேப்பர் படிக்க அவர் பழகிக்கொண்டார்.

நாள்தோறும் அத்தனை பேர் கைப்பேசியோடு நடந்ததாலோ என்னவோ, ஒருநாள் கைப்பேசி வரைபடத்தில் அந்த வீட்டுக்குள்ளால் மெல்லிய கோடொன்று விழுந்தது. அதை நம்பி ஒருவன் சோற்றுப் பார்சலோடு மோட்டார் சைக்கிளை வரவேற்பறை ஹோலுக்குள் ஏற்றிவிட்டான்.

"அக்கா, மெப்பிலை நேராப் போகச் சொல்லுது."

"நேராப் போனால் என்ரை ஃபிறிட்ஜ், தம்பி. எஞ்சினை நிப்பாட்டிப்போட்டு உருட்டிக்கொண்டு போ."

வினை அதே கோட்டால்தான் வந்தது. இரவு ஏழு மணிக்கு வந்து கதவு பூட்டியிருக்கக் கண்ட யாரோ ஒருவர், வீதியை மறித்து வீடு கட்டியிருக்கிறார்கள் என்று முறைப்பாடு எழுதிவிட்டார். வீதிகளைப் பார்க்கும் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அதிகாரி வந்து இது வீடா வீதியா என்று தீர்மானிப்பார்.

இரத்தினசிங்கம் கடிதத்தை மூன்றுதரம் படித்தார். "றோட்டெண்டு எழுதினானெண்டால் ஹோல் போச்சு. மிஞ்சிறது இந்தப் பக்கம் அறை, அந்தப் பக்கம் கக்கூசு. ராத்திரியிலை றோட்டைக் கடந்தெல்லோ கக்கூசுக்குப் போகோணும்!"

ஜெகதீஸ்வரி எல்லாரிடமும் சொல்லி வைத்தார். வெள்ளிக்கிழமை பத்திலிருந்து பதினொன்று வரைக்கும் ஒருவரும் வரக்கூடாது. எல்லாரும் தலையாட்டினார்கள். கால்களுக்குத்தான் ஒருவரும் சொல்லவில்லை.

அதிகாரி புஷ்பராஜ் வந்து சோபாவில் உட்கார்ந்து கோப்பை விரித்த உடனேயே, துப்புரவு வேலை முடிந்த சீனியம்மா செருப்பும் கையுமாக உள்ளே நுழைந்தார். அதிகாரியைக் கண்டதும் விறைத்துப்போய், பக்கத்துக் கதிரையில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"இவங்க யாரு?" என்றார் அதிகாரி.

"என்ரை மச்சாள்," என்றார் ஜெகதீஸ்வரி.

"ஆமாங்கய்யா. சும்மா பாத்துட்டுப் போகலாமுன்னு வந்தேன்," என்றார் சீனியம்மா.

பள்ளிக்கூட விடுமுறைக் காலம்; அடுத்ததாக மூன்று ரியூசன் பிள்ளைகள் வந்து வரிசையாகத் தரையில் உட்கார்ந்தார்கள். அவர்கள் மருமக்கள் ஆனார்கள். பத்தேகாலுக்குத் தொப்பியும் தாடியுமாக, கையில் ஒரு முழுச் சூரை மீனோடு அலவி வந்து நின்றார்.

"இவர்?"

ஜெகதீஸ்வரிக்கு உறவுமுறைகள் தீர்ந்துவிட்டன. "அலவி... எங்கட சித்தப்பா."

"உங்களைவிடப் பத்து வயசு குறைவா இருக்காரே?"

"அப்பப்பாவுக்குக் கடைசியாப் பிறந்தவர்," என்றார் இரத்தினசிங்கம். கல்யாணமாகி முப்பத்தைந்து வருடத்தில் மனைவிக்காக அவர் சொன்ன முதல் பொய் அது. அலவி மீனை மடியில் வைத்துக்கொண்டு, பெரியவராக முகத்தை வைத்துக்கொள்ளப் பாடுபட்டார்.

பத்தரை மணிக்கு ஹோலில் பதினான்கு உறவினர்கள். ஒருவரும் ஒருவரோடும் கதைக்கவில்லை. சூரை மட்டும் வாயைத் திறந்துகொண்டிருந்தது.

அதிகாரி கோப்பை மூடினார். எழுந்தபோது ஒரு காலைத் தூக்கி நின்றார். புதுச் சப்பாத்து குதிக்காலைக் கடித்திருந்தது.

"பின் லேன்ல தண்ணி ஓடாம அடைச்ச காண் ஒண்ணு பாக்கணும்," என்றார். குசினிக் கதவை ஒருமுறை பார்த்தார். "இதால போகலாமா, அம்மா?"

பதினான்கு தலைகளும் குசினிக் கதவுப் பக்கம் திரும்பின. அதிகாரியின் முதுகுக்குப் பின்னால் இரத்தினசிங்கம் வேண்டாம், வேண்டாம் என்று தலையை ஆட்டினார். போகவிட்டால் இது வீதி. அதிகாரி பேனாவை எடுத்தால் ஹோல் போய்விடும். ஆனால் அந்த வாசலுக்கு வந்து கேட்ட ஒருவரையும் ஜெகதீஸ்வரி அதுவரை திருப்பி அனுப்பியதில்லை. அவர் அந்தக் குதிக்காலைப் பார்த்தார்.

"இருந்து தேத்தண்ணி குடியுங்கோ, தம்பி."

"இல்லம்மா, நேரமாச்சு."

"குடிக்காமல் இதாலை போனால் றோட்டாலை போறீங்கள். குடிச்சிட்டுப் போனால் எங்கட வீட்டுக்கு வந்திட்டுப் போறீங்கள். வந்த ஆள் எந்தக் கதவாலையும் போகலாம்."

அதிகாரி குசினிக் கதவையும் தன் குதிக்காலையும் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். தேநீரை ஆறுதலாகக் குடித்தார். சப்பாத்துகளைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு குசினிக்குள்ளால் போனார். இரண்டு கிழமைக்குப் பிறகு வந்த கடிதத்தில் இருந்தது ஒரு வரிதான்: "இது வீடு. விருந்தினர் அதிகம்."

அன்றிலிருந்து தேநீர் குடிக்காமல் அந்த வீட்டைக் கடக்க ஒருவருக்கும் அனுமதியில்லை. ஒரு மிடறாவது குடிக்க வேண்டும். சீனி வருத்தம் என்ற நீரிழிவு உள்ள அலவிக்குச் சீனியில்லாத வெறுந்தேநீர், பிள்ளைகளுக்குப் பால். அவசரக்காரர்கள் நின்றபடியே குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டார்கள். ஐந்தரைக்கு எழுந்து ஜெகதீஸ்வரி பெரிய கேத்தலை அடுப்பில் வைப்பார். உயிரோடு இருந்த கடைசி வாரத்திலும் வைத்தார்.

இப்போது கேத்தலை வைப்பவர் இரத்தினசிங்கம். அவருடைய கைக்கு அளவு பிடிபடவில்லை. ஒருநாள் பாகு, ஒருநாள் கஷாயம். மூன்று மாதமாக எல்லாரும் ஒன்றும் சொல்லாமல் குடித்துவிட்டுப் போனார்கள். அவரும் கோப்பைகளை நீட்டிவிட்டுப் பேப்பருக்குள் தலையைப் புதைத்துக்கொண்டார்.

நேற்றுக் காலை சீனியம்மா ஒரு மிடறு குடித்தார். கோப்பையை உற்றுப் பார்த்தார்.

"ஐயா," என்றார், "இதக் குடிக்கிறதுக்கு நானு காலி ரோட்டச் சுத்தியே போயிருக்கலாம்."

இரத்தினசிங்கம் சிரித்துவிட்டார். பிறகு சீனிப் போத்தலை அவரிடம் நீட்டி, "எவ்வளவெண்டு ஒருக்காக் காட்டுங்கோ, மச்சாள்," என்றார்.