மாடு கேட்டார், மாடி சொன்னேன்

தனியார் விமானங்கள் புதிதாக வரத் தொடங்கிய காலம். எங்கள் ஊர் ஏர்பேட்டிலிருந்து பஸ் ஏறிப்போய் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தேன். அன்று அரை நாள் லீவு சொல்லியிருந்தேன். மத்தியானம் புத்தூரில் பெண் பார்க்கப் போக வேண்டும். அதற்காகக் காலையிலேயே முன்முடியைத் தூக்கிச் சீவியிருந்தேன். காதுக் கவசத்தை மாட்டினால் அதன் பட்டை முடியை அமுக்கிவிடும். கழுத்திலேயே தொங்கவிட்டேன். மேஸ்திரி தெலுங்கில் இரண்டு தடவை திட்டியும் நான் மாட்டவில்லை.

அன்றைக்கென்று பார்த்து இரண்டு விமானங்கள் ஒன்றாக வந்து நின்றன. விசிறி சுற்றுகிற விமானத்தின் பக்கத்தில் வெகுநேரம் நின்றேன். வேலை முடிந்தபோது முடி அப்படியே இருந்தது. காதுதான் பஞ்சு வைத்து அடைத்ததுபோல் ஆகி, உள்ளே "கொய்ங்" என்றது.

பெண் வீட்டில் எல்லோரும் வாயை மட்டும் அசைப்பதுபோல் இருந்தது. பெண்ணின் அப்பா கேட்டார்:

"ஊட்ல மாடு கீதா தம்பி?"

எனக்கு 'மாடி' என்று விழுந்தது.

"அடுத்த வருசம் கட்டணுங்க! கீழ இருக்குறது பழசு. மேல ஏத்துனா தாங்குமான்னு கொத்தனாரு பாத்து சொல்லணும்!"

விமானத்தடியில் பேசுகிற குரலிலேயே சொல்லிவிட்டேன். கூட வந்திருந்த என் நைனா தொடையைக் கிள்ளினார். அவர் இன்னும் பலமாகச் சொல்லச் சொல்கிறார் என்று நினைத்து, மறுபடியும் முழுதாகக் கத்தினேன்.

பெண்ணின் அப்பா, மாப்பிள்ளை செவிடு என்று நினைத்து எழுந்தே விட்டார். அப்போதுதான் காப்பியோடு வந்த பெண் பேசினாள். சித்தூரில் மாம்பழக் கூழ் பாக்டரியில் மெஷின் பக்கம் வேலை பார்ப்பவள். அவள் குரலும் என் குரலுக்குக் குறைந்ததில்லை. அவள் தன் அப்பாவிடம் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் என் காதில் ஏறியது.

"செவுடு இல்ல நைனா! சத்தத்துல நின்னா இப்பிடித்தான் ஆவும்" என்றவள் என் பக்கம் திரும்பி, "காதுக்கு ஒண்ணும் மாட்டலியா நீங்க?"

"முடி கலஞ்சிடும்னு..." என்றேன்.

வீடே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. "முடி போனா மொளைக்கும். காது மொளைக்குமா?" என்றாள்.

மறுநாள் டாக்டரும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார். இந்தத் தடவை கேட்கிற சக்தி திரும்பிவிடும், இப்படியே நின்றுகொண்டிருந்தால் ஒருநாள் திரும்பாது என்றார். இரண்டு நாளில் சரியானது. வலது காதில் மட்டும் மெல்லிய விசில் ஒன்று தங்கிவிட்டது. அந்தத் தை மாதம் அவளையே கட்டிக்கொண்டேன்.