மாமா தலைமையில் ஒரு குழு

வளைகுடாவில், ரூவி பஸ் நிலையத்து டீக்கடையில் துபாய் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறேன். டிவியில் நம்மூர் நாடாளுமன்றத் தேர்தல் விவாதம். ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் கல்யாணம் செய்துகொள்ளச் சட்டம் வருமா என்று கேட்டால், எல்லாக் கட்சிக்காரர்களும் "குழு அமைத்து ஆராய்வோம்" என்கிறார்கள்.

டீ ஆற்றும் புதுக்கோட்டைக்காரர் செல்வம் சிரிக்கிறார். "நான் வேற சாதிப் பொண்ணைக் கட்டிக்கிறேன்னு சொன்னேன் சார். எங்க வீட்டுலயும் மாமா தலைமையில ஆறு வருஷமாக் குழுதான் ஆராய்ஞ்சுச்சு."

"அப்புறம்?"

"இப்ப மாமா தேர்தல்ல சுயேச்சையா நிக்கிறாரு. பொண்ணு வீட்டுத் தெரு ஓட்டு மொத்தமும் வேணுமாம். நேத்து அவரே போய்ப் பூ வெச்சுட்டு வந்துட்டாரு. அடுத்த வாரம் லீவுல போறேன்."

வாழ்த்துச் சொல்கிறேன். டிவியைப் பார்த்துக்கொண்டே செல்வம் டீயை நீட்டுகிறார்.

"சட்டத்துக்குக் காத்திருக்கிறவங்ககிட்டயும் ஓட்டு இருக்குன்னு இவங்களுக்கு யாராவது சொல்லணும் சார்."