அன்னாசியில் ஊறிய கறி

என் ஓரகத்தியை அந்த வீட்டிலிருந்து துரத்தியது ஒரு அன்னாசிப்பழம். அதை வெட்டிக் கொடுத்தது நான். பாவசங்கீர்த்தனத்தில் சொன்னால் சாமியார் பத்து அருள் நிறைந்த மந்திரம் சொல்லச் சொல்லி அனுப்பிவிடுவார். அவ்வளவு மலிவாக அது முடிவது எனக்கே பிடிக்கவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

அறுபதுகளின் கடைசி. ராயபுரத்தில் கல்மண்டபத்துக்குப் பக்கம் வீடு. ஒரு கூடம், ஒரு உள்ளறை, ஒரு அடுப்படி. மாமனார் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டி ஓய்ந்தவர், வாயில் ஒரு பல் கிடையாது. கதவுள்ள ஒரே அறை உள்ளறைதான். அது எனக்கும் என் புருஷனுக்கும் இருந்தது. கொழுந்தன் வியாசர்பாடியிலிருந்து ஒரு மில் தொழிலாளியின் மகளைக் கட்டிக்கொண்டு வந்து நின்ற அன்று போயிற்று. "புதுசா கண்ணாலம் ஆனதுங்க. நீங்க கூடத்துல படுங்க" என்றாள் மாமியார். நான் மாமனாரின் இருமலுக்குப் பக்கத்தில் பாய் விரித்தேன்.

வந்தவள் ஞானஸ்நானம் வாங்கித்தான் தாலி கட்டிக்கொண்டாள். அவள் அப்பன் அன்றோடு அவளைக் கைகழுவிவிட்டான். மூன்றே மாதத்தில் வயிற்றில் உண்டாகிவிட்டது. எனக்குக் கல்யாணமாகி நாலு வருஷம், ஒன்றும் இல்லை. அவளோ எதற்கெடுத்தாலும் அத்தனை பல்லும் தெரியச் சிரிப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். தவசு நாற்பது நாளும் கறி கிடையாது. ஈஸ்டர் மத்தியானம் அடுப்பில் ஏறும் முதல் கறி பன்றிக்கறி, அதையும் இளைய மருமகள்தான் செய்ய வேண்டும். மாமனார் வேலையில் இருந்தபோது ஒரு சீனக் கப்பல் சமையல்காரன் அவருக்குக் கைப்பிடி வைத்த தட்டையான இரும்புச் சட்டி ஒன்றைக் கொடுத்திருந்தான். அந்தக் கப்பலில் தின்றதை அவர் வந்து சொல்லச் சொல்ல, மாமியார் தன் கைக்குத் தகுந்தாற்போல் மாற்றிக்கொண்ட பண்டம் அது. கொழுப்பும் கறியுமாகத் துண்டு போட்டு, மிளகாய், பூண்டு, காடி அரைத்துப் பிசறி, கறியின் சொந்த நெய்யிலேயே சிவக்க வறுத்து, வெல்லத்தைத் தட்டிப் போட்டு, இறக்கப் போகும்போது அன்னாசியைக் கொட்டிப் பிரட்ட வேண்டும். கடைசியில்தான் அன்னாசி. முன்னாலேயே போட்டு ஊறவைத்தால் கறி கூழாகிவிடும். மூன்று ஈஸ்டருக்கு நான் செய்திருக்கிறேன், எனக்குத் தெரியாதா?

அந்த வருஷம் மாமியார் தீர்ப்பே எழுதிவிட்டாள். "பன்னிக்கறியப் பாத்தாலே மூஞ்சி சுளிக்கிறா. இவ எப்டி நம்ம வூட்ல குப்ப கொட்டுவா? ஈஸ்டர் கறி நல்லா வந்தா இங்க இருக்கட்டும். வரலன்னா ரெண்டு பேரும் வேற எடம் பாத்துக்கினு போவட்டும்."

ஈஸ்டருக்கு முந்தின நாள், பெரிய சனிக்கிழமை சாயங்காலம் அவள் என்னிடம் வந்தாள். "அக்கா, எனக்குப் போக்கிடம் இல்லக்கா. எப்டி செய்யணும்னு சொல்லிக் குடுங்க." கண் கலங்கியிருந்தது. எனக்கு இரக்கம் வரவில்லை. உள்ளறைக் கதவுதான் தெரிந்தது.

"இப்பவே அன்னாசிய பொடிசா வெட்டி, காடியோட கறில சேத்துப் பிசறி வச்சுடு. விடிய விடிய ஊறுனாத்தான் இனிப்பு உள்ள எறங்கும்" என்றேன். போதாததற்கு முள் சீவி நானே வெட்டியும் கொடுத்தேன். அவள் என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

மறுநாள் பூசை முடிந்து வந்து சட்டியை ஏற்றினாள். கறி சிவக்கவில்லை. கரண்டி பட்ட இடமெல்லாம் நாராகப் பிரிந்து, கடைசியில் கொழகொழவென்று மாவாகிக் கிடந்தது. மாமியார் எட்டிப் பார்த்தாள்.

"இன்னாடி இது? கறியா, களியா?"

"அக்காதான் நேத்தே அன்னாசி போடச் சொன்னாங்க அத்த."

"நானா? மாதா மேல ஆணையா நான் சொல்லல" என்றேன். காலைப் பூசையில் நன்மை அப்பம் வாங்கிய நாக்கு, கொஞ்சம்கூடக் குழறவில்லை. அவள் என்னையே பார்த்தாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவள் சிரித்து நான் பார்க்கவில்லை.

யாரும் அதைத் தொடவில்லை, மாமனாரைத் தவிர. பல் போனதிலிருந்து அவர் ஈஸ்டர் கறியைச் சப்பிச் சப்பி இலையோரம் துப்புகிறவர். அன்று வழித்து வழித்துத் தின்றார். "இன்னும் கொஞ்சம் போடும்மா" என்று சின்ன மருமகளிடம் கேட்டார். மாமியார் சட்டியோடு தூக்கிப்போய் தெருநாய்க்குக் கொட்டினாள். செவ்வாய்க்கிழமை கொழுந்தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவளோடு எண்ணூருக்குப் போய்விட்டான். அன்றைக்கே நான் உள்ளறையில் பாயை விரித்தேன். நன்றாகத் தூங்கினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அடுத்த ஈஸ்டருக்கு மாமனார் என்னைக் கூப்பிட்டார். "சின்னவ செஞ்சாளே, அந்த மாதிரி செய்யேம்மா."

"எனக்கு அது வராது மாமா."

வராதாவது! முதல் நாளே அன்னாசியைப் பிசறி வைத்தால் முடிந்தது. ஆனால் ஒரு வாய் தின்றால் அவள் ஞாபகம் வரும், ஞாபகம் வந்தால் கூப்பிட்டு அனுப்புங்கள் என்பார், அவர்கள் வந்தால் உள்ளறை போகும். அவர்களைக் கூப்பிடாமலிருக்க மாமியாருக்கு வீம்பு, எனக்கு அறை. நாலு ஈஸ்டர் கேட்டார். நாலு ஈஸ்டரும் நான் மொறுமொறுவென்று வறுத்து வைத்தேன். கடைசி ஈஸ்டரில் ஒரு துண்டை வெகுநேரம் வாயில் வைத்திருந்து, எடுத்து இலையோரம் வைத்துவிட்டு, "பரவால்லம்மா" என்றார். ஆடி மாதம் செத்துப்போனார்.

சாவு வீட்டுக்கு அவள் வந்தாள், மூத்ததைக் கையில் பிடித்துக்கொண்டு, இடுப்பில் ஒரு பெண் குழந்தையோடு. பெட்டியில் மாமனார் கிடந்தார். வாய் திறந்துகொள்ளாமல் தாடையைச் சேர்த்துத் துணியால் கட்டியிருந்தார்கள். அவள் அழுது முடித்து, மூக்கைச் சிந்திக்கொண்டு, மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னிடம் கேட்டாள்.

"மாமாவுக்கு அந்தக் கறி புடிச்சுதேக்கா. அப்பப்ப செஞ்சு குடுத்தீங்களா?"

"எனக்கு அது வராது" என்றேன். நாலு வருஷமாகச் சொல்லிப் பழகியது, தானாக வந்துவிட்டது.

"வராதா? நீங்கதானேக்கா சொல்லிக் குடுத்தீங்க."

மாமியார் திரும்பி என்னைப் பார்த்தாள்.

அவள் குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டாள். குரலில் கோபமே இல்லை. "முடியலன்னா எனக்கு ஆள் அனுப்பிச்சிருக்கலாமே. செஞ்சு குடுத்துட்டுப் போயிருப்பேன். எண்ணூரு இன்னா சீமையிலயா கீது?"

கட்டிவைத்திருந்த அந்த வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.